ஒட்டு இமை முடி: போடுகிறவரும் போட்டுக்கொள்கிறவரும் அறிய வேண்டியவை



நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல் என்று எழுதி வந்த இந்தப் பகுதியில், இம்மாதம் கண் இமை முடியைப் பற்றி எழுதுகிறேன். "டிரசருக்கு வேற விஷயமே கிடைக்கலியா? பொம்பளப் பிள்ளைங்க கண்ணுல முடி ஒட்டிக்கிறதப் பத்தியா எழுதணும்?" என்று பெரியவர்கள் சிலர் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். இதுவும் நம் வீட்டு விஷயம்தான்.

இன்று பெரட்டுக்கு நிற்கிற நம் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெண் பிள்ளைகள் பலர் அலங்காரத் தொழில் படித்து, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உள்ள அழகு நிலையங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். சிலர் அடுக்குமாடி வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கித் தொழில் நடத்துகிறார்கள். புருவத்துக்கு நூல் போடுவது, மருதாணி, மணப்பெண் அலங்காரம் இவற்றோடு இப்போது 'லாஷ்' போடுவதும் சேர்ந்துகொண்டது. நம் இமை முடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியைப் பசையால் ஒட்டி, இமையை அடர்த்தியாகவும் நீளமாகவும் காட்டுகிற வேலை இது. கல்யாணப் பெண் மட்டுமல்ல, தோழிப் பெண், அக்கா, சித்தி என்று எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு தாய் தன் மகளைக் கைப்பிடித்து மருந்தறைக்கு அழைத்து வந்தார். பெண்ணுக்கு இரண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணீர் கொட்டுகிறது. "ஐயா, நேத்து சாயங்காலம் முடி ஒட்டிக்கிட்டு வந்தா. ராத்திரியெல்லாம் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி எரியுதுன்னு அழுதா. பக்கத்து வீட்டுல தாய்ப்பால் வாங்கி விட்டேன்" என்றார் தாய். கண்ணை நன்றாகக் கழுவி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பசையின் ஆவி பட்டுக் கருவிழியின் மேல்தோல் வெந்திருப்பதாக அங்கே சொன்னார்கள். மருந்து போட்டுச் சில நாளில் குணமானது. பிறகுதான் தெரிந்தது: அந்த முடியை ஒட்டிவிட்ட பெண்ணும் ஒரு பழைய தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை. மூன்று நாள் வகுப்பு படித்து, கடன் வாங்கிச் சாமான் வாங்கித் தொழில் தொடங்கியவள். விஷயம் தெரிந்து அவளும் அழுதாளாம்.

இரண்டு பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். ஒருத்தியின் கண்ணும் மற்றொருத்தியின் பிழைப்பும் ஒரே பசைத் துளியில் நிற்கின்றன. ஆகவே இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்போது செய்யவே கூடாது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். போடுகிற பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இமை முடி எதற்காக இருக்கிறது?

மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடிகளும், கீழ் இமையில் சுமார் 70 முதல் 80 முடிகளும் உண்டு. இவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. தூசு, பூச்சி, வியர்வை கண்ணுக்குள் போகாமல் காப்பவை. ஏதாவது முடியில் பட்டவுடனே இமை தானாக மூடிக்கொள்கிறது அல்லவா? அதுவும் காவல் வேலைதான்.

முடி நீளமாக இருந்தால் காவலும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 22 வகைப் பாலூட்டிகளின் இமை முடியை அளந்து பார்த்தார்கள். கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளமே பெரும்பாலும் இருந்தது. அந்த நீளத்தில் காற்று கண்ணின் மேல் நேராக மோதாமல் விலகிப் போகிறது. அதைவிட நீண்டால், முடியே காற்றைக் கண் பக்கம் திருப்பிவிடுகிறது. கண் சீக்கிரம் உலர்கிறது. மிக நீளமாகப் போட்டவர்களுக்குக் கண் வறண்டு உறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இமை முடிக்கும் ஆயுள் உண்டு. வளரும், நிற்கும், விழும். அதே இடத்தில் புதியது முளைக்கும். தினமும் ஒன்றிரண்டு முதல் ஐந்து வரை உதிர்வது இயற்கை. ஒட்டிய முடியும் அதோடு சேர்ந்தே விழும். ஆகையால் "போட்ட முடி கொட்டுதே" என்று பயப்படவும் வேண்டாம், "ஆறு மாதம் நிற்கும்" என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உதிர்ந்த இடங்களில் மட்டும் சேர்த்துப் போடுவதே முறை.

அந்தப் பசை என்ன பசை?

நம் வீட்டில் செருப்புக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் 'கம் காஜா' போடுகிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். சயனோஅக்ரிலேட் என்று பெயர். 1942-இல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியைச் சேர்ந்த ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது கிடைத்த பொருள். 1958-இல் பசையாகக் கடைக்கு வந்தது. இமை முடிக்கென்று செய்வது வேறு பக்குவம். அதற்காகக் 'கம் காஜா'வை எடுத்து இமையில் வைத்துவிடாதீர்கள். அது கண்ணைக் கெடுத்துவிடும்.

இந்தப் பசையின் குணம் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இது வெயிலில் காய்வதில்லை; காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகுகிறது. பெரும்பாலான பசைகளுக்கு 20 முதல் 24 டிகிரி வெப்பமும், நூற்றுக்கு 45 முதல் 60 வரை ஈரப்பதமும் ஏற்றவை. நம் நாட்டில் கதவைத் திறந்துவைத்தால் ஈரப்பதம் 80-ஐத் தாண்டி நிற்கும். அப்போது பசை சட்டென்று இறுகி, வெளுத்து, நொறுங்கும். ஆகையால் ஏர்கோண்ட் உள்ள அறையும், சுவரில் ஓர் ஈரப்பத மானியும் அவசியம். விலை அதிகமில்லாத சிறு கருவி. ஆனால் பல வீட்டுத் தொழில் அறைகளில் அது இல்லை.

இரண்டாவது, இறுகும்வரை அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. சில பசைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவும் வருகிறது. பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மருந்தில் கரைந்திருப்பது இதே வாயுதான். 2012-இல் ஜப்பானியக் கண் வைத்தியர்கள், ஒட்டு இமை முடியால் கண் கெட்டு வந்த 107 பெண்களைப் பற்றி எழுதினார்கள். பாதிப் பேருக்கு மேல் கருவிழியிலும் வெண்விழியிலும் அழற்சி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இமையில் ஒவ்வாமை. சோதித்த பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. அந்த நாட்டில் 2008-லேயே, இது அழகுக்கலை உரிமம் பெற்றவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை என்று சுகாதார அமைச்சு அறிவித்தது.

மூன்றாவது, பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அதிகப் பசை சிந்தினால் திடீரென்று சூடு கிளம்பும். விரலும் தொடையும் வெந்தவர்கள் உண்டு. சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்காதீர்கள்.

போடுகிற முறை

1. முதலில் விசாரணை. கண்ணில் சிவப்பு, பீளை, இமையில் கட்டி, பொடுகு போன்ற செதில், அண்மையில் கண் ஆபரேஷன் இவற்றில் ஏதாவது இருந்தால் இன்று போடக் கூடாது. ஆஸ்துமா உண்டா, பிளாஸ்டர் ஒட்டினால் தடிக்குமா, முன்பு லாஷ் போட்டு வீங்கியதா என்று கேளுங்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் வர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு வேண்டாம்.

2. முன் சோதனை. முழுவதும் போடுவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பு, ஓரத்தில் இரண்டு மூன்று முடி மட்டும் ஒட்டி அனுப்புங்கள். அரிப்பு, வீக்கம் வந்தால் அவருக்கு இந்தப் பசை ஒத்துக்கொள்ளாது. இன்று ஒத்துக்கொண்டவருக்கும் பத்தாவது தடவையில் ஒவ்வாமை வரலாம். ஆகையால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கல்யாணத்துக்குப் போடுகிறவர்கள் முதல்நாள் ஓடி வரக் கூடாது. ஒரு வாரத்துக்கு முன்பே சோதனை செய்துகொள்ள வேண்டும்.

3. சுத்தம். சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுங்கள். இடுக்கிகளை ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் ஊற வையுங்கள். அழுக்கோடு ஊறப் போட்டால் கிருமி சாகாது. இமை சீப்பும் பிரஷும் ஒருவருக்கு ஒன்று. இன்னொருவருக்குப் போடக் கூடாது. தலையணை உறையை மாற்றுங்கள்.

4. ஆயத்தம். வந்தவரைப் படுக்க வைத்து, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கண்மை, மஸ்காரா, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் கண்ணுக்கென்று உள்ள நுரையால் கழுவித் துடையுங்கள். கீழ் இமை முடியை மறைத்து ஜெல் பட்டையை ஒட்டுங்கள். பட்டை கண்ணின் உள் விளிம்பைத் தொடக் கூடாது; தொட்டால் வெண்விழி உரசிச் சிவக்கும். கண் முழுக்க மூடியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிறு இடுக்கு இருந்தாலும் ஆவி உள்ளே போகும். நான் மேலே சொன்ன பெண்ணுக்கு நடந்தது இதுதான்.

5. பிரித்தல். இடது கை இடுக்கியால் ஒரே ஓர் இமை முடியைத் தனியே பிரித்துப் பிடியுங்கள். இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று முடியைச் சேர்த்து ஒட்டிவிட்டால், ஒன்று வளரும்போது மற்றதை வேரோடு இழுக்கும். வலிக்கும், பிறகு அங்கே முடியே முளைக்காமல் போகலாம்.

6. ஒட்டுதல். வலது கை இடுக்கியால் செயற்கை முடியை எடுத்து, அடிப்பகுதியை மட்டும் பசையில் தொட்டு எடுங்கள். உருண்டு திரண்டு நின்றால் பசை அதிகம். தோலிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்து ஒட்டுங்கள். தோலில் பசை படவே கூடாது. ஒரு கண்ணில் ஒன்று, மறு கண்ணில் ஒன்று என்று மாறி மாறிப் போட்டால் முன்னது இறுகுவதற்கு நேரம் கிடைக்கும். இப்போதுதான் முளைத்த மெல்லிய குட்டி முடியில் ஒட்டாதீர்கள். அதற்குச் சுமக்கும் பலம் இல்லை.

7. பசைத் துளி. 15, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை புதுத் துளி வையுங்கள். புட்டியைக் குலுக்கி உபயோகியுங்கள்; மூக்கைத் துடைத்து மூடுங்கள். திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். கம்பெனி சொன்ன கெடு முடிந்தால், மீதி இருந்தாலும் வீசிவிடுங்கள். லேபிள் இல்லாத புட்டியைப் பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம்.

8. முடிவில் சீப்பால் மெதுவாகச் சீவிப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிரித்து விடுங்கள். சிறு விசிறியால் ஆவியை விரட்டிய பிறகே கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்ய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். முக்கால் மணியில் முடிப்பதாக யாராவது சொன்னால், மேலே சொன்னவற்றில் எதை விட்டுவிடுகிறார் என்று கேளுங்கள்.

எவ்வளவு பாரம் தாங்கும்?

பால்மரத் தோட்டத்தில் காண்டா வாளி தூக்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தோள் தாங்கும் அளவுக்கு மேல் பாலை ஏற்றினால் அன்றைக்குத் தூக்கிவிடலாம். நாளடைவில் தோள் போய்விடும். இமை முடியும் அப்படியே.

செயற்கை முடிக்குக் கனமும் நீளமும் வளைவும் உண்டு. 'மிங்க்', 'சில்க்' என்று பெயர் சொன்னாலும் பெரும்பாலும் அது பிளாஸ்டிக் நார்தான். ஒன்றுக்கு ஒன்றாக ஒட்டும் முறைக்கு 0.15 மில்லிமீட்டர் கனம் வழக்கம். விசிறி போல் பல முடியைச் சேர்த்து ஒரு முடியில் ஒட்டுவதென்றால் 0.05, 0.07 என்று மிக மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு கணக்கைக் கவனியுங்கள்: கனம் 0.10-இலிருந்து 0.20-ஆக இரண்டு மடங்கானால், அதே நீளத்தில் எடை நான்கு மடங்காகிறது. கண்ணுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். முடிக்கு அது பெரும் சுமை.

நீளம், சொந்த முடியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மூக்குப் பக்கம் குட்டையாகத் தொடங்கி, நடுவிலும் ஓரத்திலும் சற்று நீட்டிக்கொண்டு போவார்கள். ஜே, பி, சி, டி என்று வளைவுக்கு எழுத்துப் பெயர்கள் உண்டு. டி அதிகம் வளைந்தது.

வாடிக்கைக்காரர் கைப்பேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும் அக்கா" என்பார். அவருடைய முடி மெல்லியதாக இருந்தால், "உங்க முடி இதைத் தாங்காதும்மா, கொஞ்சம் குறைச்சுப் போடறேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். அன்றைய வரும்படி போனாலும் பரவாயில்லை. மூன்று நாள் வகுப்பில் ஒட்டக் கற்றுக்கொள்ளலாம். இந்த 'வேண்டாம்' என்ற சொல்லைப் பெரும்பாலும் அங்கே கற்றுக்கொடுப்பதில்லை.

வீட்டில் பராமரிப்பு

போட்ட அன்று முகத்தில் நீராவி, வெந்நீர் படாமல் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் நனைக்கக் கூடாது என்பது பசைக்குப் பசை மாறும்; போட்டவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் தினமும் கழுவ வேண்டும். "கழுவினா கொட்டிடும்" என்று பயந்து கழுவாமல் விடுவதால்தான் பாதிக் கோளாறு வருகிறது. கழுவாத இமையின் அடியில் எண்ணெய், செத்த தோல், வியர்வை எல்லாம் சேரும். கண்ணுக்குத் தெரியாத இமைப் பூச்சியும் அதில் பெருகும். காலையில் அரிப்பு, முடியின் அடியில் பொடுகு போன்ற வெள்ளைத் துகள் என்றால் இமை அழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள்.

எண்ணெய் சேராத, கண்ணுக்கென்று செய்த நுரையை மெல்லிய பிரஷில் எடுத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவி, சுத்தமான நீரில் அலசுங்கள். துண்டால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் சீவுங்கள்.

எண்ணெய் இந்தப் பசையை இளக்கிவிடும். நமக்கோ எண்ணெய் இல்லாமல் நல்ல காரியமே இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், கல்யாணத்துக்கு நலங்கு. ஆகவே நலங்கும் எண்ணெய் முழுக்கும் முடிந்த பிறகு லாஷ் போடுங்கள். போட்ட பிறகு தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழைவான கண்மையையும் தவிர்க்க வேண்டும். அதை அழிக்கத் தேய்க்கும்போது முடியும் சேர்ந்து வரும்.

அடுப்பைத் திறந்து குனியும்போதும், சாமி கும்பிட்டுக் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றும்போதும் ஜாக்கிரதை. செயற்கை நார் சூட்டில் சுருளும். குப்புறப் படுக்க வேண்டாம்.

வேண்டாமென்று தோன்றினால் கையால் பிய்க்காதீர்கள். சொந்த முடியும் வேரோடு வந்துவிடும். போட்டவரிடமே போய், கண்ணை மூடியபடி, கரைக்கும் மருந்து போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டு வேலை செய்கிறவர்களுக்கு

மருந்து அடிக்கிற, உரம் போடுகிற, பால் ஸ்டோரில் அம்மோனியாவோடு வேலை செய்கிற பெண்கள் இதைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாரக்குவாட் 2020 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன. கண்ணில் தெறித்தால் அந்தக் கணமே இமையை விரித்து நீரை ஊற்ற வேண்டும். ஒட்டு முடி இருந்தால் மருந்தும் தூசும் அதில் தங்கும். "முடி கெட்டுடுமே" என்று கையும் தயங்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் நீண்ட முடி அதில் இடிக்கிறது என்று கண்ணாடியையே கழற்றிவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. கல்யாணத்துக்குப் போட்டவர்கள், வேலைக்குத் திரும்புமுன் எடுத்துவிடுவது நலம்.

கோளாறு வந்தால்

மூன்று வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

போடும்போதே அல்லது சில மணி நேரத்தில் எரிச்சல், வெண்விழி சிவப்பு, கண்ணீர், வெளிச்சம் தாங்காமை: இது பசையோ ஆவியோ பட்ட காயம். உடனே ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சில மணி நேரம் கழித்து, அல்லது இரண்டு மூன்று நாளில், இமை உப்பி அரிப்பு எடுப்பது: இது ஒவ்வாமை. ஈரத் துணியால் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். பசை இருக்கும்வரை அரிப்பு நிற்காது. முறையாக எடுத்துவிட வேண்டும். அந்தப் பசையைத் திரும்பவும் போடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள்.

மஞ்சள் பீளை, காலையில் இமை ஒட்டிக்கொள்வது, வலி: இது கிருமி புகுந்த அடையாளம். பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

பசை பட்டு இரண்டு இமையும் ஒட்டிக்கொண்டால் இழுத்துத் திறக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அசிட்டோன், மண்ணெண்ணெய் எதுவும் கண் பக்கம் போகக் கூடாது.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், பன்னீர் இவற்றைக் கண்ணில் விடாதீர்கள். பாட்டிமார் அன்போடு செய்ததுதான். ஆனால் வெந்த கருவிழியில் அவற்றோடு கிருமியும் போகும். பக்கத்து வீட்டில் மீதமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். சில சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது. கிருமி உள்ள கண்ணில் அதை விட்டால் பார்வையே போகலாம்.

கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவும், தலைநகரில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை உண்டு. எந்தப் பசை போட்டார்கள் என்று கேட்டு, முடிந்தால் புட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு உதவும்.

போடுகிற பிள்ளையும் தொழிலாளிதான்

வாடிக்கைக்காரருக்கு மாதம் ஒன்றிரண்டு தடவை ஆவி. போடுகிற பிள்ளைக்கோ தினமும் எட்டு மணி நேரம், அதுவும் ஒரு சாண் தூரத்தில். இந்தப் பசையால் தொழில்வழி ஆஸ்துமா வந்தவர்கள் உண்டு. வேலை நாளில் மட்டும் இருமல், மூக்கில் நீர், நெஞ்சு இறுக்கம்; ஓய்வு நாளில் சுகம் என்றால் அதுதான் முதல் அடையாளம். டாக்டரிடம் உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். சாதாரண முகக்கவசம் தூசைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பசைத் துளியை மூக்குக்கு நேராக வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். அறைக்குக் காற்றை வெளியேற்றும் விசிறி வேண்டும்.

கழுத்து, முதுகு, மணிக்கட்டு வலியும் வரும். படுக்கையை உயர்த்தி, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள். ஒருவரை முடித்ததும் எழுந்து கையை நீட்டி மடக்குங்கள். வெளிச்சம் போதாமல் கண்ணைச் சுருக்கி வேலை செய்யாதீர்கள்.

சங்கத்துக் குடும்பம் என்பதால் சட்டத்தையும் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. அழகு நிலையமும் அதில் அடங்கும். சம்பளத்துக்கு வேலை செய்கிற பிள்ளைக்கு முதலாளி சொக்சோ கட்ட வேண்டும். சொந்தமாகச் செய்கிறவர்கள் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள சுயதொழில் சொக்சோ திட்டத்தில் சேரலாமா என்று பக்கத்திலுள்ள அலுவலகத்தில் விசாரியுங்கள். படிக்கிறவர்கள், முடிந்தவரை மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கிற அழகுக்கலைப் பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள். மூன்று நாள் வகுப்புக்குக் கட்டும் காசை யோசித்துக் கட்டுங்கள்.

தாய்மார்களே, பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. வெள்ளைக் கோல் ஊன்றி நடப்பவர்கள் அதே தெருக்களில் போய் வருகிறார்கள். தங்கள் கையால் உழைத்துச் சாப்பிடுகிறார்கள். பார்வை போன பிறகு ஒருவர் எவ்வளவு பாடுபட்டுப் பழக வேண்டியிருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அந்தத் தெருக்களிலேயே நம் பிள்ளைகள் அழகு நிலையத்தில் இடுக்கி பிடிக்கிறார்கள்.

ஆகவே, போட்டுக்கொள்கிறவர்கள் முன் சோதனை கேட்டு வாங்குங்கள், தினமும் கழுவுங்கள், எரிந்தால் ஒளிக்காமல் வாருங்கள். போடுகிற தங்கைமார்கள் கை கழுவுங்கள், ஒரு முடிக்கு ஒரு முடி என்ற கணக்கை விடாதீர்கள், தாங்காத கண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இந்தத் தொழில் செய்யும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை அவள் கையில் கொடுங்கள்.

அடுத்த இதழில், செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் விழும் தூசியைப் பற்றிப் பார்ப்போம்.



— தோட்ட மருத்துவ உதவியாளர்